வேலை ஓய்ந்த நாட்களில் சொத்து மதிப்பீட்டாளர் என்ன செய்யலாம்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிகளுக்கு நிலமும் கட்டடமும் மதிப்பிட்டுக் கொடுக்கும் தொழிலில் ஓட்டமும் உண்டு, தேக்கமும் உண்டு. தேக்கம் வரும்போதெல்லாம் சேலம், ஆத்தூர், ஓமலூர், சங்ககிரி பக்கத்து இளம் மதிப்பீட்டாளர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சிவில் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று யோசிப்பவர்களும் படிக்கலாம்.

வேலை குறைந்தது எனக்கு மட்டுமா, ஊருக்கேவா?

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஆடிப்பெருக்கு மாதிரி ஒரு நல்ல நாளை விட்டால் ஆடியில் நம் பக்கம் கிரையம் செய்யத் தயங்குவார்கள். மார்கழியும் அப்படித்தான். கிரையம் இல்லையென்றால் வீட்டுக் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் நமக்கு போன் இல்லை. தை பிறந்ததும் நிமிரும். மார்ச்சில் கிளைகள் வருடக் கணக்கை முடிக்க ஓடும்போது நமக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது.

காலண்டரைத் தாண்டியும் மந்தமாகவே இருந்தால், உங்கள் பகுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுது போய் உட்காருங்கள். அங்கேயும் ஆள் இல்லையென்றால் சந்தையே ஓய்ந்திருக்கிறது. டோக்கன் நிரம்பி, பத்திர எழுத்தர்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தால் ஊரில் வேலை இருக்கிறது, உங்களுக்குத்தான் வரவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பல தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் சொந்தமாகவே டெக்னிக்கல் ஆட்களை வைத்துக்கொண்டுவிட்டன. பெருநகரத்து மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒரே ஒப்பந்தத்தில் பல மாவட்டங்களை எடுத்துக்கொள்கின்றன. வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலில், அதாவது பேனலில், உங்கள் பெயரைப் புதுப்பிக்கும் தேதி சத்தமில்லாமல் கடந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. வட்டார அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இதற்கு முன் இப்படி ஆனதுண்டா?

உண்டு. 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் மாவட்டத்தில் தோட்டங்காட்டைப் பிரித்து, கல் நட்டு விற்ற மனைகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அத்தனையும் ஒரே நாளில் நின்றன. அது ஆறுவதற்குள் நவம்பர் 8, பணமதிப்பிழப்பு. 2017-இல் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் மனை வரன்முறைத் திட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூனில், பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். அப்புறம் 2020-இல் ஊரடங்கு.

ஒவ்வொரு முறையும் சிலர் தொழிலை விட்டுப் போனார்கள். நின்றவர்களிடம் நான் கவனித்த ஒற்றுமை, அவர்கள் ஒரே வங்கியை நம்பி உட்காரவில்லை என்பதுதான்.

"கொஞ்சம் ஏத்திப் போடுங்க சார், மாசம் பத்து ஃபைல் தர்றேன்" என்கிறார்கள் கடன் ஏஜென்ட்கள். இந்த நேரத்தில் மறுக்க முடியுமா?

மறுக்கத்தான் வேண்டும். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது.

ஏன் ஏற்றச் சொல்கிறார்கள் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30-லிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் கொடுக்கலாம். 40 லட்சம் பெறும் வீட்டுக்கு 32 லட்சம் கடன் கிடைக்கும். மீதி 8 லட்சத்தை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். கையில் இல்லை. அதே வீட்டை நீங்கள் 50 லட்சம் என்று எழுதி, விலை ஒப்பந்தத்தையும் அதற்கேற்றபடி போட்டுவிட்டால் 40 லட்சமும் கடனாகவே வந்துவிடும். சொந்தப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் ஒரு குடும்பம் வீட்டுக்குள் போகிறது. வேலை போனாலோ மருத்துவச் செலவு வந்தாலோ அந்த வீட்டை விற்றும் கடனை அடைக்க முடியாது. நாம் எழுதிக் கொடுத்த அந்த ஒரு எண்தான் அவர்களை அங்கே கொண்டு நிறுத்தியது.

கடன் வாராக்கடன் ஆனால் வங்கி முதலில் எடுப்பது நம் ரிப்போர்ட்டை. மோசடி என்று முடிவானால் அதற்குத் துணைபோன மதிப்பீட்டாளர், வழக்கறிஞர், ஆடிட்டர் பெயர்களை வங்கிகள் இந்திய வங்கிகள் சங்கத்துக்கு அனுப்புகின்றன. சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறிய பெயருக்கு எந்த வங்கியும் வேலை தராது. வங்கி மோசடி வழக்குகளில் மதிப்பீட்டாளர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களாகச் சேர்க்கப்படுவதும் நடக்கிறது. ஏற்றிப் போடச் சொன்ன ஏஜென்ட் அன்றைக்கு வேறு நிறுவனத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுக்கும்போது சண்டை வேண்டாம். "இந்தத் தெருவில் கடைசியாக நடந்த கிரையங்கள் இவை. இதைவிட அதிகமாக நடந்த கிரையம் ஒன்று காட்டுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையிலேயே காட்டினால் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். நாம் பார்க்காத கிரையம் இருக்கலாம். காட்ட முடியாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சரி, அந்தப் பத்து ஃபைல் போய்விடுமே என்றால், போகும். ஓய்ந்த காலத்தில் அது வலிக்கிற இழப்புதான். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்தை நிரப்ப வேறு வழிகள் உண்டு என்பதால்தான் மீதிப் பதில்கள்.

கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கலாமா?

வங்கி வேலைக்கு அந்தக் கேள்வியே இல்லை. கட்டணத்தை அவர்கள்தான் நிர்ணயிக்கிறார்கள். தனியாருக்குச் செய்யும் வேலையில் குறைக்காதீர்கள் என்பேன். பாதிக் கட்டணம் வாங்கினால் சைட்டுக்குப் போகாமல் போட்டோவை வைத்து எழுதத் தோன்றும். எல்லைக்கல்லைத் தேடாமல் வருவதும், பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் வருவதும் அங்கேதான் தொடங்குகிறது. ஏழைக் குடும்பம் என்றால் இலவசமாகவே செய்து கொடுங்கள், முழு வேலையாகச் செய்து கொடுங்கள்.

வங்கியை விட்டால் யாருக்கு மதிப்பீடு தேவைப்படுகிறது?

நிறையப் பேருக்கு. அவர்களுக்கு நாம் இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளையை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் பெற்றோரிடம் விசாவுக்குச் சொத்து மதிப்புக் கேட்கிறார்கள். இலையுதிர் காலச் சேர்க்கைக்கான ஓட்டம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். நமக்கு ஆடி மந்தம் வரும் அதே நேரம். ஆடிட்டர்கள் மூலமாகத்தான் இந்த வேலை வரும். அதனால் ஊரில் உள்ள ஆடிட்டர்களைப் போய்ப் பாருங்கள். விசிட்டிங் கார்டை மட்டும் நீட்டாமல், பெயரும் விவரமும் மறைத்த ஒரு மாதிரி ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள்.

நெடுஞ்சாலை, ரயில், தொழிற்பேட்டை என்று நிலம் எடுக்கும்போது விவசாயிக்கு நாம் உதவ முடியும். 2018-இல் சென்னை சேலம் எட்டுவழிச் சாலைக்கு அளக்க வந்தபோது இந்த மாவட்டம் எப்படிக் கொதித்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். இழப்பீட்டில் நிலத்தின் விலை ஒரு பகுதிதான். கிணறு, மோட்டார் ரூம், தொட்டி, ஆழ்குழாய், களம், தென்னை, மா எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பு உண்டு. 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி நில மதிப்போடு இவற்றின் மதிப்பையும் கூட்டி, அந்தத் தொகைக்குச் சமமாக நூறு சதவீதம் ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும். கிணற்றின் ஆழமும் கட்டுமானமும் ரிப்போர்ட்டில் சரியாக இல்லையென்றால் இழப்பு இரட்டிப்பாகும். பொக்லைன் வந்து மூடிய பிறகு கிணற்றை அளக்க முடியாது.

ஜவ்வரிசி ஆலைக்காரர்களை மறந்துவிடாதீர்கள். ஆத்தூர், தலைவாசல் பக்கம் பல ஆலைகளில் இன்சூரன்ஸ் தொகை பழைய கணக்கிலேயே கிடக்கும். கட்டடத்தைத் திரும்பக் கட்ட 2 கோடி ஆகும் என்று வையுங்கள், இன்சூரன்ஸ் 1 கோடிக்குத்தான். தீ விபத்தில் 40 லட்சம் சேதமானால் நிறுவனம் விகிதப்படி 20 லட்சம்தான் கொடுக்கும். பாலிசியைப் பொறுத்து இதில் சிறு சலுகை உண்டு, ஆனால் பாதிக்குப் பாதி குறைவு என்றால் சலுகை காப்பாற்றாது. இங்கே நிலத்தின் விலை கணக்கில் வராது. ஷெட், மாவு படியும் தொட்டிகள், காயவைக்கும் களம், சுற்றுச்சுவர் ஆகியவற்றை இன்றைய விலையில் மறுபடி கட்ட என்ன ஆகும் என்பதுதான் வேலை. இயந்திரங்கள் நம் பிரிவில் வராது. அதற்குரியவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2001 மதிப்பு என்று ஆடிட்டர்கள் கேட்கிறார்களே, அது என்ன?

2001 ஏப்ரல் 1-க்கு முன்னால் வாங்கிய சொத்தை இன்று விற்றால், லாபத்தைக் கணக்கிட வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த நியாயமான சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. அப்பா 1978-இல் வாங்கி, பிள்ளைக்கு வந்த வீட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தத் தேதியின் முத்திரைத்தாள் மதிப்பு, அதாவது நம் ஊர் வழிகாட்டி மதிப்பு, இருந்தால் அதைத் தாண்டி எழுதக் கூடாது. 2020 நிதிச் சட்டத்தில் வந்த கட்டுப்பாடு இது. பழைய பழக்கத்தில் தாண்டி எழுதிக் கொடுத்தால் சொத்துக்காரர்தான் நோட்டீஸ் வாங்குவார்.

2024 ஜூலை 23 முதல் அந்த லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அதற்கு முன் வாங்கிய நிலம், வீட்டை விற்கும் இந்தியவாசிகளான தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் பழைய 20 சதவீத முறையில் வரும் வரியோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். ஒரு மனைக்கு 2001 மதிப்பு 5 லட்சம், 2024-25-இல் அந்த ஜூலைக்குப் பிறகு 60 லட்சத்துக்கு விற்றார்கள் என்றால், புது முறையில் வரி 6.87 லட்சம் சொச்சம். பழைய முறையில் பணவீக்கக் குறியீடு 363-இன்படி, அதாவது 3.63 மடங்காக, 5 லட்சம் 18.15 லட்சமாகும், வரி 8.37 லட்சம். அதே மனை 30 லட்சத்துக்குத்தான் போயிருந்தால் பழைய முறைதான் லாபம். இரண்டு கணக்குக்கும் அடிப்படை நாம் தரும் 2001 எண். கட்டடம் இருந்தால் அன்றைய கட்டுமான விலையில் போட்டு, அன்று வரையான தேய்மானத்தைக் கழிக்க வேண்டும்.

பாகப்பிரிவினைக்கு மதிப்பீட்டாளர் எதற்கு? அளந்து பிரித்துக்கொள்ள மாட்டார்களா?

அளந்து பிரிப்பதில்தான் தகராறே வருகிறது. அம்மாப்பேட்டையில் ஒரு பழைய நெசவாளர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பார்த்த முகப்பு 18 அடி, உள்ளே 60 அடி நீளம். முன்கட்டில் இரண்டு குழித்தறி, நடுவில் வாசல், பின்னால் சமையல்கட்டு. ஒரு பக்கம் பொதுச்சுவர், மறுபக்கம் மூன்றடிச் சந்து. அண்ணன், தம்பி, தங்கை மூன்று பேர். 20 அடி, 20 அடி, 20 அடி என்று கயிறு பிடித்தால் சமம் மாதிரித் தெரியும். முன்பங்கு வாங்கியவர் நாளைக்கு ஷட்டர் வைத்துக் கடை விடலாம். பின்பங்குக்காரர் அந்த மூன்றடிச் சந்தில் பைக் திருப்ப முடியாது. அந்தச் சந்து எல்லோருக்கும் பொது என்று பத்திரத்தில் இருக்கிறதா, பேச்சுவழக்கில் மட்டுமா என்பதைப் பொறுத்து பின்பங்கின் விலை பாதியாகவும் குறையலாம். டேப்பைச் சுருட்டும் முன் சந்தின் அகலத்தை இரண்டு முனையிலும் அளந்துவிடுங்கள். பழைய வீடுகளில் ஒரு முனை குறுகலாகவே இருக்கும்.

மூன்று பங்குக்கும் தனித்தனி மதிப்புப் போட்டு, யார் யாருக்கு எவ்வளவு ஈடு தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் குடும்பத்துக்குப் பேச ஒரு அடிப்படை கிடைக்கும். தங்கைக்காக இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது. இருந்தும், சொத்து எவ்வளவு பெறும் என்றே தெரியாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். விட்டுக்கொடுப்பது அவர்கள் விருப்பம். எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்யட்டும்.

ஏற்காட்டில் எஸ்டேட் மதிப்பீடு வந்தால் எடுக்கலாமா?

எடுக்கலாம், அவசரப்படாமல். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் அரை நாளில் முடித்துத் திரும்பும் வேலை அது இல்லை.

சேர்வராயன் மலையில் கிரையங்கள் குறைவு, சொல்லும் விலைகள் அதிகம். சென்னை, பெங்களூரு ஆட்களுக்கு புரோக்கர் சொன்ன சென்ட் விலையை ஏக்கருக்குப் பெருக்கினால் கோடிகள் வரும். அது மதிப்பே இல்லை. வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்து, அந்த வருவாய்க் கிராமத்தில் உண்மையில் நடந்த கிரையங்களைத் தேடுங்கள். சாலை முகப்பில் 10 சென்ட் போன விலையும், ஜீப் மட்டுமே இறங்கும் பள்ளத்தில் 15 ஏக்கர் போகும் விலையும் ஒன்றாக முடியாது.

அடுத்து, அந்த இடத்தில் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். ஹாகா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு இருக்கிறதா, காப்புக்காடு எவ்வளவு பக்கம், நில உச்சவரம்பில் தோட்டப் பயிர் விலக்குப் பெற்ற நிலமா என்பதெல்லாம் விலையை மாற்றும். ரிசார்ட் கட்டவே முடியாத நிலத்துக்கு ரிசார்ட் விலை எழுதாதீர்கள்.

காப்பிக்கு ஒரே வருட விலையை எடுக்க வேண்டாம். 2024-25-இல் உலகச் சந்தையில் காப்பி எகிறியதை வைத்து எஸ்டேட் மதிப்பையும் எகிற விட்டவர்கள் உண்டு. பல ஆண்டு விளைச்சல், பல ஆண்டு விலை, பறிப்புக் கூலி மூன்றையும் பாருங்கள். செடிகளின் வயது, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடிகள், தண்ணீர் வசதி தனித்தனியாக வரட்டும். மரம் வெட்ட அனுமதி வேண்டுமா என்று தெரியாமல் மரத்தின் விலையைக் கூட்டவே கூடாது.

ஏலத்துக்கு வரும் சொத்துகளை மதிப்பிடும் வேலை எப்படி?

கடன் வேலை குறையும்போது வசூல் பிரிவில் வேலை கூடுவது வழக்கம். வாராக்கடனுக்கு ஈடான சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டத்தின் விதிகளின்படி அசையாச் சொத்தை விற்பதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கித்தான் குறைந்தபட்ச விலையை வைக்க வேண்டும். ஆனால் மனசுக்குக் கடினமான வேலை. வீட்டில் ஆள் இருக்கும்போதே போய் அளக்க வேண்டி வரும். வங்கி அதிகாரி இல்லாமல் தனியாகப் போகாதீர்கள், மரியாதை குறையாமல் பேசுங்கள். சீக்கிரம் விற்கட்டும் என்று அடிமாட்டு விலை எழுதாதீர்கள். கடன் போக மிஞ்சுவது அந்தக் குடும்பத்துக்குத்தான் திரும்பிப் போகும். கடனுக்கு நீங்களே மதிப்பிட்ட சொத்து என்றால் வேறு ஒருவரை அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஐ.பி.பி.ஐ. (இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம்) பதிவு எடுப்பது பயன்படுமா?

படும். பழைய செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் பெற்ற மதிப்பீட்டாளர் பதிவோடு பலர் நின்றுவிட்டார்கள். அந்த வரியே 2015 பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டது. கம்பெனிச் சட்டம், திவால் சட்டம் சார்ந்த மதிப்பீடுகளை 2017 விதிகளின்படி பதிவு பெற்றவர்தான் செய்யலாம். பேனலில் சேர இந்தப் பதிவைக் கேட்கும் வங்கிகளும் உண்டு. நிலம், கட்டடப் பிரிவுக்கு சிவில், ஆர்க்கிடெக்சர் அல்லது நகரமைப்பு பட்டமும் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். முதுகலை என்றால் 3 ஆண்டு போதும். 50 மணி நேரப் பயிற்சி, அப்புறம் கணினித் தேர்வு. தேற 60 சதவீதம் வேண்டும், தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறையும். சட்டப் பகுதியில்தான் பொறியாளர்கள் சறுக்குவார்கள். வேலை ஓய்ந்த மாதங்கள் படிக்க ஏற்றவை.

சும்மா இருக்கும் நாளில் வேறு என்ன செய்ய?

சொந்தமாக ஒரு கிரையப் பதிவேடு தொடங்குங்கள். எக்செல் போதும். ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, குகை, கொண்டலாம்பட்டி, கன்னங்குறிச்சி என்று பகுதிவாரியாகச் சர்வே எண், தேதி, அளவு, சாலை அகலம், பத்திர விலை, விசாரித்ததில் தெரிந்த உண்மை விலை. பத்திர விலை பல இடங்களில் வழிகாட்டி மதிப்போடு நின்றுவிடும். அதனால் உண்மை விலை எழுதும் கடைசிப் பத்திதான் உயிர். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் இருக்கும், பத்திரத்தில் சென்ட் இருக்கும். ஒரு ஏர் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றி எழுதுங்கள். ஏற்றிப் போடச் சொல்லும் ஏஜென்ட் முன்னால் இந்தப் பதிவேட்டைத்தான் திறந்து வைக்கப் போகிறீர்கள்.

கையில் பணம் வற்றுகிறதே?

கிளைகளில் தேங்கிய பில்களைப் பட்டியல் போட்டு நேரில் கேளுங்கள். மேனேஜர் மாறிப் போனால் பழைய பில் காணாமல் போகும். கட்டணத்தில் வங்கி முன்கூட்டியே பிடித்த 10 சதவீத வரி, அதாவது டி.டி.எஸ்., உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்னைத் தாமதிக்காமல் போட்டால் திரும்ப வர வேண்டியது வந்து சேரும். டேப் பிடிக்கும் பையனை நிறுத்துவதைக் கடைசியாக யோசியுங்கள். ஊரின் சந்துபொந்து தெரிந்த ஆள் திரும்பக் கிடைப்பது கடினம்.

கூடவே மனை வாங்கி விற்கும் புரோக்கர் வேலை பார்க்கலாமா?

வேண்டாம். கட்டட வரைபடம் போடுங்கள், எஸ்டிமேட் எழுதுங்கள், கட்டுமான மேற்பார்வைக்குப் போங்கள். அதெல்லாம் நம் படிப்புக்கு உரிய வேலை, அந்த வீட்டுக்கே வங்கி மதிப்பீடு வந்தால் விலகிக்கொண்டால் போதும். கமிஷன் வேலை அப்படி இல்லை. விலை ஏறினால் கமிஷன் ஏறும் ஒருவர் அதே ஊரில் விலை எழுதிக் கொடுத்தால் அவர் ரிப்போர்ட்டை ஆடிட்டரும் நம்ப மாட்டார், நீதிமன்றமும் நம்பாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.